ஐரோப்பிய ஒன்றியத்தின் பத்தாண்டுத் திட்டங்கள்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளைகள், வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பல்கலைக்கழகம் போகிறவர்கள், இடையிடையே கமக்காரர் அமைப்புகளில் பொறுப்பாக இருப்பவர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. பல நாடுகள் ஒன்றுசேர்ந்து நீண்டகாலத்துக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் போட்டால் அதை நிறைவேற்ற ஏன் இவ்வளவு திணறுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் சாரம். சில பதில்கள் நீளமாக இருக்கும். விஷயம் அப்படி.

ஐரோப்பாவின் திட்டம் எப்படிப் போனால் நமக்கென்ன?

நமக்கு நேரடியாகவே படும். நமது ஏற்றுமதிகளுக்கு ஐரோப்பா சுங்கவரியைக் குறைக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2005இல் இலங்கைக்குக் கிடைத்தது. மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதில் குறை இருப்பதாகச் சொல்லி 2010 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் நமது பெண்பிள்ளைகளின் சம்பளத்தோடு சம்பந்தப்பட்ட முடிவுகள் இவை. மீனும் அப்படித்தான். ஆழ்கடலில் நடக்கும் சட்டவிரோத மீன்பிடியை இலங்கை கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியிலிருந்து 2016 ஜூன் வரை நமது மீன் இறக்குமதியை ஐரோப்பா தடைசெய்து வைத்திருந்தது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கிழக்கு மாகாணத்துக்கு எத்தனையோ அபிவிருத்தித் திட்டங்கள் வந்து போய்விட்டன. எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று யோசிக்க வெளியிலிருந்து ஒரு நல்ல உதாரணம் வேண்டும். பணமும் படித்த நிர்வாகிகளும் நிறைந்த ஐரோப்பாவே எங்கே தடுமாறியது என்று பார்த்தால் நமது நிலைமை தெளிவாக விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாடா, நாடுகளின் சங்கமா?

இரண்டுக்கும் நடுவில். 1957இல் ரோம் உடன்படிக்கையில் 6 நாடுகள் கையெழுத்திட்டன. இன்று 27 நாடுகள். வெளிநாட்டு வர்த்தகம், சுங்கவரி, போட்டிச் சட்டம் ஆகியவை ஒன்றியத்தின் கையில். யூரோ பாவிக்கும் நாடுகளுக்கு வட்டிவீதத்தைத் தீர்மானிப்பது ஐரோப்பிய மத்திய வங்கி. ஆனால் வருமான வரி, ஓய்வூதியம், பாடசாலை, வைத்தியசாலை, தொழில் சட்டங்களின் பெரும்பகுதி எல்லாம் அந்தந்த நாட்டு அரசிடம்தான். வரி விஷயத்தில் ஒன்றிய மட்டத்தில் எதை மாற்றுவதென்றாலும் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். வளர்ச்சியைத் தீர்மானிக்கும் அதிகாரங்கள் இப்படி இரண்டு இடங்களில் கிடக்கின்றன. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவை.

லிஸ்பன் திட்டம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

2000ஆம் ஆண்டு மார்ச்சில் போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் ஒன்றியத் தலைவர்கள் கூடினார்கள். அமெரிக்காவின் கணினித்துறை அப்போது வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, ஐரோப்பா பின்தங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே 2010க்குள் அறிவை அடிப்படையாகக் கொண்ட பொருளாதாரங்களில் உலகிலேயே மிகப் போட்டித்திறன் உள்ளதாக ஐரோப்பா மாற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வேலை செய்யும் வயதினரில் 70 சதவீதம் பேருக்கு வேலை இருக்க வேண்டும் என்பது ஓர் இலக்கு. ஆராய்ச்சிக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம் செலவாக வேண்டும் என்பதை 2002இல் பார்சிலோனாவில் சேர்த்தார்கள்.

2010 வந்தபோது வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 64 சதவீதம். ஆராய்ச்சிச் செலவு ஏறத்தாழ 2 சதவீதம்.

ஏன் எட்டவில்லை? 2008 நிதி நெருக்கடிதானே காரணம்?

நெருக்கடி ஒரு காரணம்தான். வேலைவாய்ப்பு 2008இல் 66 சதவீதம் வரை ஏறி, பிறகுதான் இறங்கியது. ஆனால் நெருக்கடி வர நான்கு வருடம் முன்பே, 2004 நவம்பரில், நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் விம் கொக் தலைமையிலான குழு திட்டம் தடம் மாறிவிட்டது என்று அறிக்கை கொடுத்துவிட்டது. இலக்குகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன, ஒன்றோடொன்று முட்டுகின்றன, ஒருங்கிணைப்பு சரியில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக நாட்டு அரசுகளிடம் உறுதி இல்லை என்று அந்தக் குழு சொன்னது. எல்லாரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பதுதான் அதன் சாரம்.

திட்டத்தை நடத்திய முறையைக் கவனித்தால் இது விளங்கும். பொது இலக்கை எல்லாரும் சேர்ந்து வைப்பார்கள். ஒவ்வொரு நாடும் தன் வழியில் செய்யும். வருடாவருடம் அறிக்கை எழுதி மற்ற நாடுகளுக்குக் காட்டும். பின்தங்கினால் மற்றவர்கள் முன் வெட்கப்பட வேண்டும், அவ்வளவுதான். அபராதமும் இல்லை, பரிசும் இல்லை. நம்மூரில் போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகும். பிந்தி விதைத்தவரைத் தட்டிக்கேட்க, தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை இருப்பார், தீர்மானத்துக்குச் சட்டபலமும் உண்டு. லிஸ்பனில் கூட்டம் மட்டும் இருந்தது.

இன்னொன்று. பின்லாந்தும் சுவீடனும் அந்தப் பத்தாண்டு முழுக்க ஆராய்ச்சிக்கு 3 சதவீதத்துக்கு மேல் செலவழித்தன. ஆனால் லிஸ்பனுக்கு முன்பே அவை அப்படித்தான் செய்துகொண்டிருந்தன. செய்ய நினைத்த நாடு திட்டம் இல்லாமலும் செய்தது, நினைக்காத நாடு திட்டம் இருந்தும் செய்யவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கும். எத்தனை பேரின் உழைப்பு அந்த அறிக்கைகளில் போயிருக்கும்!

அப்படியானால் தண்டனை வைத்தால் சரியாகிவிடுமா?

தண்டனை வைத்தும் பார்த்தார்கள். அரசின் வருடாந்தப் பற்றாக்குறை உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், மொத்தக் கடன் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று, யூரோவுக்கு அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை சொன்னது. 1997இல் செய்த உறுதிப்பாட்டு உடன்பாட்டில் மீறினால் அபராதம் என்றும் எழுதினார்கள். 2003இல் மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? ஜேர்மனியும் பிரான்சும். அந்த விதியைக் கடுமையாக்கச் சொல்லி நின்றதே ஜேர்மனிதான். அந்த நவம்பரில் நிதியமைச்சர்கள் கூடி நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள், 2005இல் விதியைத் தளர்த்தினார்கள். பற்றாக்குறைக்காக எந்த நாடும் இதுவரை அபராதம் கட்டியதில்லை. நீதிபதி ஆசனத்தில் இருப்பவர்களே நாளைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாம் என்றால் யார் தண்டிப்பார்கள்? அப்புறம், ஏற்கனவே பணமில்லாத நாட்டிடம் அபராதம் வாங்கினால் அதன் பற்றாக்குறைதான் கூடும்.

தண்டனையும் வேலை செய்யாது, வெட்கமும் வேலை செய்யாது என்றால் ஒத்துழைப்பே சாத்தியமில்லையா?

சாத்தியம். அதற்கு நமது அம்பாறை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கல்லோயா இடதுகரை வாய்க்கால்களில் 1980களின் தொடக்கத்தில் தண்ணீர்ச் சண்டை உச்சத்தில் இருந்தது. மேல்மடையில் இருப்பவர் தேவைக்கு மேல் எடுப்பார், கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மேல்மடையில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள் என்பதால் அது வெறும் தண்ணீர்ப் பிரச்சினையாகவும் இருக்கவில்லை. கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஒவ்வொரு வயல்வாய்க்காலிலும் விவசாயிகளைச் சிறு குழுக்களாக அமைக்க இளைஞர்களை அனுப்பின. குழுக்கள் தொடங்கிய வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. அப்படியிருந்தும் மேல்மடையார் முறைவைத்துத் தண்ணீரைக் கீழே விட்டார்கள்.

அங்கே நடந்தது ஏன் லிஸ்பனில் நடக்கவில்லை? வாய்க்காலில் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், ஒருவரை ஒருவர் தினமும் பார்க்கிறவர்கள். தண்ணீர் விட்டால் இரண்டு நாளில் பலன் கண்ணுக்குத் தெரியும். ஐரோப்பாவில் ஓர் அமைச்சர் இன்று ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் பலன் பதினைந்து வருடம் கழித்து வரும், அதுவும் பக்கத்து நாட்டில் வரலாம். அந்த அமைச்சரின் பதவிக்காலம் நான்கைந்து வருடம். ஒன்றியக் கவுன்சிலின் தலைமைப் பொறுப்போ ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்று சுழல்கிறது.

2010க்குப் பிறகு புதிய திட்டம் போட்டார்களா?

போட்டார்கள். 'ஐரோப்பா 2020' என்று பெயர். இலக்குகளை ஐந்து தலைப்புக்குள் அடக்கினார்கள், நாட்டு வரவுசெலவுத் திட்டங்களை முன்கூட்டியே பார்வையிடும் வருடாந்தச் சுற்று ஒன்றையும் தொடங்கினார்கள். அது முன்னேற்றம்தான். பசுங்கூட வாயுக் குறைப்பு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, உயர்கல்வி முடித்தவர் தொகை ஆகியவற்றை எட்டினார்கள். ஆராய்ச்சிக்கு அதே 3 சதவீத இலக்கு, 2020இல் 2.3 சதவீதத்தில் நின்றது. 75 சதவீத வேலைவாய்ப்பை 2023இல்தான் தாண்டினார்கள். வறுமை அபாயத்திலிருந்து 2 கோடிப் பேரை மீட்கும் இலக்கு எட்டப்படவில்லை.

வாயுக் குறைப்பு, எரிசக்தி இலக்குகளைக் கவனியுங்கள். அவற்றுக்குச் சட்டம் இருந்தது, நாடு வாரியாகக் கட்டாயப் பங்கும் இருந்தது.

ஒரே நாணயம் இருந்தால் வளர்ச்சி சுலபமாகாதா?

வியாபாரம் சுலபமாகும். வளர்ச்சி ஒரே மாதிரி வராது. யூரோவுக்கு ஒரே வட்டிவீதம். 2000களில் ஜேர்மனி மந்தமாக இருந்ததால் வட்டி குறைவாக இருந்தது. அதே குறைந்த வட்டியில் ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் வீட்டு விலைகள் ஊதிப்போயின, கிரேக்க அரசு மலிவாகக் கடன் வாங்கியது. சரிவு வந்தபோது கிரேக்கத்துக்குத் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வழியில்லை. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். 2013இல் வேலையில்லாதோர் 27 சதவீதத்தைத் தாண்டினர்.

2022இல் நாம் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தோம். நமக்குச் சொந்த நாணயம் இருந்தது, டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. உரம், மருந்து, பால்மா, எரிபொருள் எல்லாவற்றிலும் அந்த அடி விழுந்தது. இரண்டு வழியிலும் சுமந்தது சாதாரண மக்கள்தான். எந்த வழி சுமையை யார் தலையில், எவ்வளவு காலத்துக்கு வைக்கிறது என்பதுதான் பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் பயன்படும் கேள்வி.

பின்தங்கிய பகுதிகளுக்கு ஒன்றியம் பணம் கொடுக்கிறதாமே?

கொடுக்கிறது. ஒன்றியம் செய்தவற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். பிராந்திய அபிவிருத்தி நிதியத்தை 1975இல் தொடங்கினார்கள். தலா வருமானம் ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே உள்ள பிராந்தியம் எதுவோ அது பின்தங்கியது. அமைச்சரின் தொகுதியா என்று யாரும் பார்ப்பதில்லை, கணக்கு சொல்வதுதான். 2021 முதல் 2027 வரையான ஏழு வருடத்துக்கு ஏறத்தாழ 390 பில்லியன் யூரோ, அதாவது ஒன்றியத்தின் வழமையான வரவுசெலவில் மூன்றில் ஒரு பங்கு, இதற்காக ஒதுக்கப்பட்டது. மிகப் பின்தங்கிய பகுதிகளில் ஒரு திட்டத்தின் செலவில் 85 சதவீதம் வரை ஒன்றியம் தரும், மீதியை அந்த நாடு போட வேண்டும். குறித்த வருடங்களுக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும்.

பலன் இடத்துக்கு இடம் வேறு. 1973இல் சேர்ந்தபோது அயர்லாந்தின் தலா வருமானம் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. இன்று முன்வரிசையில் நிற்கிறது. பன்னாட்டுக் கம்பனிகளின் லாபம் அந்தக் கணக்கை ஊதிக்காட்டுகிறது என்பது உண்மை. ஆனாலும் 1967இலேயே இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியிருந்தது, வந்த பணத்தைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள். போலந்து 2004இல் சேர்ந்தபோது சராசரியில் பாதி, இப்போது ஐந்தில் நான்கு பங்கு அளவு. தென் இத்தாலியோ வேறு கதை. 1950இலிருந்தே இத்தாலிய அரசு அதற்கெனத் தனி நிதியம் வைத்துக் கொட்டியது, பிறகு ஐரோப்பியப் பணமும் வந்தது. கலாபிரியாவும் சிசிலியும் இன்னும் 75 சதவீதக் கோட்டுக்குக் கீழேதான். பணம் வந்தது, அதைச் சரியாகச் செலவழிக்கும் உள்ளூர் நிர்வாகம் வரவில்லை.

மொத்த ஒன்றிய வரவுசெலவு உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்க மத்திய அரசு தன் நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்கிறது. இவ்வளவு சிறிய பணத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய இலக்குகள்.

இதைக் கிழக்கு மாகாணத்தோடு ஒப்பிடலாமா?

கவனமாக ஒப்பிடலாம். அங்கே இறைமையுள்ள நாடுகள், இங்கே ஒற்றையாட்சிக்குள் ஒரு மாகாணம். ஆனால் அதிகாரம் ஓரிடத்தில், பணம் இன்னோரிடத்தில், பொறுப்பு மூன்றாவது இடத்தில் என்ற நோய் ஒன்றுதான்.

1987இன் 13ஆவது திருத்தம் விவசாயம், கல்வி, சுகாதாரம் ஆகியவற்றின் கணிசமான பகுதியை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. வருமானத்தின் பெரும்பகுதி கொழும்பிலேயே இருக்கிறது. வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்ட பின் 2008இலும் 2012இலும் நமக்குத் தேர்தல் நடந்தது. 2017 செப்டம்பரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர் நிர்வாகம். பத்து வருடத் திட்டத்தை யாரிடம் கொடுத்து, யாரிடம் கணக்குக் கேட்பது?

மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ரோட்டும் வங்கியும் பெரிய வைத்தியசாலையும் இருக்கின்றன. நெல்லும் பாலும் மேற்கே உள்ள படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு அந்தத் துறையில் படகுப் பாதைதான். பாலம் வந்தது பெரிய நன்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாலம் இரண்டு பக்கமும் திறந்தது. ஆலையும் களஞ்சியமும் பால் பதனிடும் இடமும் படுவான்கரையில் இல்லாவிட்டால் நெல் இன்னும் வேகமாக வெளியே போகும், லாபமும் கூடவே போகும். தென் இத்தாலியில் நெடுஞ்சாலை போட்டபோதும் இந்தக் கேள்வியே எழுந்தது. 75 சதவீதக் கோடு போல ஓர் அளவுகோலை நமது பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு வைத்து, அதன்படி பணம் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒலுவில் துறைமுகத்தை ஏன் அடிக்கடி உதாரணம் காட்டுகிறீர்கள்?

டென்மார்க்கின் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். அலைதடுப்புச் சுவர் கரையோர மண்ணோட்டத்தை மறித்தது. நுழைவாயிலை மண் மூடியது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. தென்னந்தோட்டம், வள்ளம் இழுத்துவைக்கும் இடம் எல்லாம் போயின. கட்டுவதற்குப் பணம் இருந்தது, வருடாவருடம் மண் அள்ளுவதற்கு இருக்கவில்லை. நீண்டகாலம் என்பது திறப்புவிழாவுக்குப் பிறகு வரும் வருடங்கள் என்பதை இதைவிட வேதனையாகக் காட்ட முடியாது. அந்தக் கரையில் இருந்த குடும்பங்களின் இழப்பைத் திட்டச் செலவாக முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஒன்றியத்தில் சேர்ந்த ஏழை நாடுகளிலிருந்து இளைஞர்கள் வெளியேறவில்லையா?

பெருந்தொகையாக வெளியேறினார்கள். பல்கேரியாவில் 1980களின் முடிவில் ஏறத்தாழ 90 இலட்சம் பேர், 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 65 இலட்சம். லித்துவேனியா 37 இலட்சத்திலிருந்து 28 இலட்சத்துக்கு வந்தது. பிறப்புக் குறைந்ததும் காரணம், ஆனால் எல்லை திறந்ததும் தாதியரும் பொறியியலாளரும் மேற்கே போனார்கள். படிக்கவைத்த செலவு ஏழை நாட்டுக்கு, உழைப்பு பணக்கார நாட்டுக்கு. அனுப்பும் பணம் வீடு கட்டும், ஊரில் தொழிற்சாலை கட்டாது. கத்தாருக்கும் கொரியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது ஐரோப்பா என்ன செய்கிறது?

கொரோனாக் காலத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2020 ஜூலையில் நான்கு நாள் இரவுபகலாகப் பேசி, 750 பில்லியன் யூரோவை ஒன்றியம் கூட்டாகக் கடன் வாங்க ஒத்துக்கொண்டார்கள். அதில் 390 பில்லியன் மானியம், மீதி கடன். சீர்திருத்தப் படிகளை முடிக்க முடிக்கப் பணம் விடுவிக்கப்படும். இலக்கும் பணமும் ஒரே கயிற்றில் வந்தன. நெதர்லாந்து, ஒஸ்திரியா, சுவீடன், டென்மார்க் கடுமையாக எதிர்த்துப் பேசித்தான் சம்மதித்தன. ஒரு தடவைக்கு மட்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

2024 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் மாரியோ திராகி கொடுத்த அறிக்கை, வருடத்துக்கு மேலதிகமாக 750 முதல் 800 பில்லியன் யூரோ முதலீடு வேண்டும் என்றது. அதில் பேசப்படும் கவலைகள் பலவும் லிஸ்பனில் பேசியவைதான்: ஆராய்ச்சி, புதுமை, அமெரிக்காவுக்குப் பின்னால் விழுவது. இப்போது சீனாவும் சேர்ந்திருக்கிறது.

கட்டுரை எழுதத் தரவுகள் எங்கே எடுப்பது?

ஐரோப்பாவுக்கு, ஒன்றியத்தின் புள்ளிவிபர அலுவலகமான யூரோஸ்டாட்டின் தளம் போதும். நாட்டுச் சராசரியோடு நிற்காமல் பிராந்திய மட்டத் தரவைத் திறந்து பாருங்கள். நமது பக்கத்துக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாவட்டக் கைநூல் இருக்கிறது, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள புள்ளிவிபரக் கிளையிலும் கேட்கலாம். பிரதேச செயலகப் பிரிவு வாரியான அட்டவணைகளை எடுத்து, எழுவான்கரையின் மண்முனை வடக்கையும் படுவான்கரையின் மண்முனை தென்மேற்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதத் தொடங்குங்கள்.